கிரெடிட் கார்டும் நம் குடும்பங்களும்

(மாதாந்திரக் குடும்ப நலக் கூட்டத்தில், அஸர் தொழுகைக்குப் பின் மதரஸா ஹாலில் நம் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை. சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)





இந்த மாதம் கல்வி உதவித்தொகை பற்றிப் பேசுவோம் என்றுதான் பள்ளிவாசல் போர்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தோம். விண்ணப்பப் படிவம் அலுவலகத்தில் கிடைக்கிறது, கடைசித் தேதி அதிலேயே இருக்கிறது. அந்த விஷயத்தை இன்று அத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். பேச்சை மாற்றியதற்குக் காரணம் இருக்கிறது.

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு தாயார், லுஹருக்குப் பிறகு அலுவலகம் பூட்டும் நேரத்தில் வந்தார். மஞ்சள் பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதுல என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க தம்பி, மவன்கிட்ட கேட்டா ஒண்ணுமில்லைங்கிறான்" என்றார். பார்த்தால் வங்கிகளிலிருந்து தபாலில் வந்த நோட்டீஸ்கள், கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்கள். நான்கு வங்கி, நான்கு கார்டு. கூட்டிப் பார்த்ததில் மொத்தப் பாக்கி 3,80,000 ரூபாய்க்குச் சற்று மேலே நின்றது. மகனுக்குச் சென்னையில் மாதம் 32,000 ரூபாய் சம்பளம்.

அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறோம். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் இருக்கிறோம். யாராக இருக்கும் என்று யாரும் தேட வேண்டாம். அவருக்குப் பிறகு அதே மேசைக்கு இன்னும் ஐந்து பேர் வந்துவிட்டார்கள்.

அந்தத் தம்பி சூதாடியவர் இல்லை, ஊதாரியும் இல்லை. முதல் கார்டு, வேலை பார்க்கும் கட்டடத்தின் வாசலில் மேசை போட்டுக் கொடுத்தது. ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டினார். பிறகு தங்கையின் நிக்காஹ் வந்தது. மண்டபப் பாக்கி, பந்தல், பிரியாணி மாஸ்டருக்கு முன்பணம். அடுத்த ஆறாம் மாதம் அத்தாவுக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ரொக்கம் தேவைப்பட்டபோது, தெரிந்த செல்போன் கடையில் 40,000 ரூபாய்க்குக் கார்டைத் தேய்த்து, கமிஷன் போக 39,000 வாங்கிப் போனார். வாங்காத செல்போனுக்குப் பில். அந்தப் பில்லைக் கட்ட இரண்டாவது கார்டு, இரண்டாவதை அடைக்க மூன்றாவது. இதில் ஒன்றுகூட வீட்டுக்குத் தெரியாது. தங்கையின் மாமியார் வீட்டுக்கு வசூல் ஏஜென்ட் போன் செய்த அன்றுதான் தெரிந்தது.

அந்தத் தாயாரிடம் நாங்கள், "ஏன் அப்பவே நம்ம பைத்துல்மாலுக்கு வரல? வட்டியில்லாக் கடன் கொடுக்கிறோமே" என்று கேட்டோம். கொஞ்சம் பெருமையாகவே கேட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

"இங்க வந்தா நகை கேப்பீங்க. ரெண்டு பேர் ஜாமீன் கேப்பீங்க. ரெண்டு தவணை தவறினா ஜும்ஆ அன்னைக்கு போர்டுல பேர எழுதிப் போடுவீங்க. பேங்க்காரன் ஒண்ணுமே கேக்கலியே தம்பி" என்றார்.

எங்களிடம் பதில் இல்லை. பாக்கி வைத்தவர்களின் பெயரைப் போர்டில் எழுதும் வழக்கத்தை மூன்று வருடங்களுக்கு முன் கொண்டுவந்தது நாங்களேதான். வசூல் கூடியது உண்மை. கடன் கேட்டு வருகிறவர்கள் குறைந்தார்கள். மக்கள் வசதியாகிவிட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ் என்று ஆண்டறிக்கையிலும் எழுதினோம். அவர்கள் போன இடம் இப்போதுதான் தெரிகிறது. இதை நாம் பிறகு பேசுவோம். முதலில் அந்தக் காகிதங்களில் என்ன போட்டிருந்தது என்பதைப் பார்ப்போம்.

கார்டு வட்டி மாதத்துக்கு 3 முதல் 3.75 சதவீதம் என்று பெரும்பாலான வங்கிகள் போடுகின்றன. ஸ்டேட்மென்ட்டில் இது பொடி எழுத்தில் இருக்கும். தெருவில் ஒருவர் மூன்று வட்டிக்கு வாங்கினார் என்றால் ஊரே பேசும். கார்டில் மூன்றரை வட்டி ஓடுவது பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்குத் தெரியாது. வட்டியோடும் முடியவில்லை, அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. இரண்டையும் சேர்த்தால் நாலு வட்டிக்கும் மேலே போகிறது. கந்து வட்டியைத் தடுக்க நம் மாநிலத்தில் 2003-இல் சட்டம் வந்தது. கார்டுக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னதை, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

அடுத்தது 'மினிமம் டியூ'. இந்த இரண்டு சொற்களில்தான் நம் பிள்ளைகள் விழுகிறார்கள். பில் 50,000 ரூபாய் வருகிறது. கீழே, குறைந்தபட்சம் 2,500 கட்டினால் போதும் என்று போட்டிருக்கிறது. 2,500 கட்டுகிறோம், போன் வராது, அபராதம் வராது, கடன் கட்டிவிட்டோம் என்று மனம் நிம்மதியாகிறது. அந்தத் தாயார் போன பிறகு நாங்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மூன்றரை வட்டி, ஜிஎஸ்டி, மாதம் ஐந்து சதவீதம் மினிமம், கார்டில் புதிதாக ஒரு ரூபாய்கூடச் செலவில்லை என்று வைத்துக்கொண்டோம். ஒரு வருடம், பன்னிரண்டு தவணை, ஒரு நாள்கூடத் தவறாமல் கட்டினால் கையைவிட்டுப் போவது சுமார் 28,300 ரூபாய். பாக்கி எவ்வளவு நிற்கும் என்று நினைக்கிறீர்கள்? சுமார் 42,200. அசலில் குறைந்தது எட்டாயிரம்கூட இல்லை. மற்றதெல்லாம் வட்டியும் வரியும். மினிமம் மட்டும் கட்டினால் கடன் வருடக்கணக்கில் இழுக்கும் என்று ஸ்டேட்மென்ட்டில் எச்சரிக்கை போட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. போடத்தான் செய்கிறார்கள். நாம் படிப்பதில்லை.

இன்னொரு கணக்கைச் சகோதரிகள் கவனிக்க வேண்டும், பொருள் வாங்குவதில் இது அடிக்கடி நடக்கிறது. ஜூன் 2 அன்று 20,000 ரூபாய்க்கு வாஷிங் மெஷின் வாங்குகிறோம். ஜூலை 10 கடைசித் தேதி. அன்று கையில் இருந்த 19,500 ரூபாயைக் கட்டிவிடுகிறோம். பாக்கி 500 தானே, அதற்கு என்ன வட்டி வந்துவிடும் என்று நினைப்போம். பெரும்பாலான வங்கிகளின் கணக்கு அப்படி இல்லை. முழுதும் கட்டாவிட்டால் 'வட்டியில்லாக் காலம்' என்று சொன்னதே ரத்தாகிவிடும். வாங்கிய நாளிலிருந்து 38 நாளுக்கு, முழு இருபதாயிரத்துக்கும் வட்டி. மூன்றரை வட்டி என்றால் ஜிஎஸ்டியோடு சுமார் 1,030 ரூபாய். ஐந்நூறு குறைந்ததற்கு ஆயிரம் போகிறது. அது மட்டுமில்லை, பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் அரிசி பருப்புக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். கார்டைப் போட்டு ஏடிஎம்மில் பணம் எடுத்தால் பெரும்பாலான வங்கிகளில் இப்படித்தான், ஒரு நாள்கூடச் சலுகை கிடையாது, எடுப்பதற்குத் தனிக் கட்டணமும் உண்டு.

இனி, பலரும் சீட்டில் எழுதி அனுப்பியிருக்கும் கேள்வி: கிரெடிட் கார்டு வைத்துக்கொள்வதே கூடுமா, கூடாதா? ஃபத்வா கொடுக்கும் தகுதி எங்களுக்கு இல்லை. இமாம் அவர்கள் இங்கேயே இருக்கிறார்கள், கேளுங்கள். எங்களுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறோம். சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 2000 செப்டம்பரில் ரியாதில் கூடியபோது, வட்டி நிபந்தனையுள்ள இத்தகைய கார்டை, கெடுவுக்குள் கட்டிவிடும் எண்ணத்தோடு வாங்கினாலும் கூடாது என்று தீர்மானித்தது. தேவையும், வட்டி வராமல் முழுதும் கட்டிவிடும் உறுதியும் இருந்தால் பயன்படுத்தலாம் என்று சொல்லும் ஆலிம்களும் இருக்கிறார்கள். எந்தக் கருத்தைப் பின்பற்றினாலும், மினிமம் கட்டி வட்டி கொடுக்கும் இடத்தில் இரு சாராருக்கும் ஒரே சொல்தான். கருத்து வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போய் நிற்பதுதான் நம் வழக்கமாக இருக்கிறது.

அன்றாடச் செலவுக்கு டெபிட் கார்டும் கூகுள் பே-யும் தாராளமாகப் போதும். வெளியூர் ஹோட்டல், பயண முன்பதிவு என்று தொழில் நிமித்தம் கிரெடிட் கார்டு தேவைப்படுகிறவர்கள் ஒன்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். லிமிட்டைக் குறைத்துத் தரச் சொல்லி நாமே கேட்கலாம், தருவார்கள். கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுக்கும்போது 'மொத்த பாக்கி', 'மினிமம்' என்று இரண்டு கட்டம் இருக்கும். நம்மிடம் வந்த ஐவரில் இருவர் இரண்டாவதில் டிக் போட்டுவிட்டு, வங்கி தானாகப் பிடிக்கிறதே என்று ஒன்றரை வருடம் சும்மா இருந்திருக்கிறார்கள். 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்பதிலும் வட்டி உண்டு. கடைக்காரர் அதைத் தள்ளுபடி என்ற பெயரில் கழிக்கிறார். வட்டி மீதான ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் நம் தலையில்தான் விழும்.

இன்னொன்று, கார்டை இரவல் கொடுப்பது. மச்சான் கேட்டார், தட்ட முடியவில்லை, அவருக்கு போன் வாங்கக் கொடுத்தேன் என்கிறார்கள். மச்சான் மூன்று தவணை கட்டுவார். அதன்பின் வங்கிக்கு மச்சானைத் தெரியாது, கார்டில் பெயர் இருக்கிறவரைத்தான் தெரியும். உறவில் கொடுப்பதானால் கையில் இருப்பதைக் கொடுங்கள், எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். குர்ஆனில் மிக நீளமான ஆயத்து எது என்று மதரஸாப் பிள்ளைகளைக் கேளுங்கள். அல்பகரா 282, கடனை எழுதிக்கொள்வது பற்றியது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு வருகிறோம். முதல் வேலை, வீட்டில் சொல்வது. மனைவியிடம், அல்லது பெற்றோரிடம், இன்றே. அந்தத் தம்பி ஒன்றரை வருடத்துக்கு முன்பு சொல்லியிருந்தால் பாக்கி ஒரு லட்சத்தோடு நின்றிருக்கும், அந்தக் காகிதங்களிலேயே அது தெரிகிறது. அடுத்து, கார்டை ஆப்பிலேயே லாக் செய்துவிட்டு, எந்த வங்கிக்கு எவ்வளவு, எத்தனை வட்டி என்று ஒரு தாளில் எழுத வேண்டும். ஒரு கார்டை அடைக்க இன்னொன்றைத் தேய்ப்பதை அந்த நிமிடமே நிறுத்த வேண்டும். பிறகு வங்கியிடம் எழுத்தில் கேட்க வேண்டும்: கார்டை முடக்கிவிடுங்கள், மேற்கொண்டு வட்டி ஏற்றாமல் பாக்கியைத் தவணையாக்கித் தாருங்கள் என்று. சில வங்கிகள் இறங்கி வருகின்றன, சில வருவதில்லை. ஒரு தொகை கட்டினால் முடித்துத் தருகிறோம் என்று போனில் சொன்னால் பணம் கட்டாதீர்கள். வங்கியின் கடிதம் கையில் வந்த பிறகு, வங்கிக் கணக்குக்கு மட்டும் கட்டுங்கள், ஏஜென்ட் கையில் கொடுக்க வேண்டாம். அப்படிக் குறைத்து முடித்தால் சிபில் பதிவில் 'செட்டில்டு' என்று விழும், பின்னால் வீட்டுக் கடன், தொழில் கடன் கேட்கும்போது அது தெரியும். தெரிந்துகொண்டே முடிவெடுங்கள்.

ஏஜென்ட்டுக்குப் பயப்படுகிறவர்கள் அதிகம். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கடன் கேட்டு போன் செய்யக் கூடாது, மிரட்டவோ குடும்பத்தார், நண்பர்கள் முன் அவமானப்படுத்தவோ கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மீறினால் போன் வந்த நேரத்தைக் குறித்து வைத்து, வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனுக்குப் போகலாம், கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448. கார்டு பாக்கிக்காக மட்டும் போலீஸ் வந்து பிடித்துப் போகும் என்பது வெறும் மிரட்டல், அது சிவில் விவகாரம். செக் எழுதிக் கொடுத்து அது திரும்பி வந்தால் கதை வேறு, ஆகவே நெருக்கடியில் செக் கொடுத்துவிடாதீர்கள். பாக்கி முழுவதையும் கட்டிய பின் கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி நமக்குத் தர வேண்டும். இதுவும் பலருக்குத் தெரியாது.

வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்தத் தைரியத்தைச் சொல்லிவிட முடியாது. அமீரகத்தில் கடன் கொடுத்தவர் நீதிமன்றத்துக்குப் போய்ப் பயணத் தடை வாங்க முடியும். தகப்பனாரின் மய்யித்துக்கு வரக் கிளம்பி, விமான நிலையத்தில் திருப்பி அனுப்பப்பட்ட ஒருவரை நாங்கள் அறிவோம். அங்கிருக்கும் மகனிடம் பேசும்போது சம்பளம் வந்ததா என்று மட்டும் கேட்காமல், கார்டு எத்தனை வைத்திருக்கிறாய் என்றும் கேளுங்கள்.

அந்தத் தம்பியின் கதையை முடித்துவிடுகிறோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்து எங்களோடு உட்கார்ந்தார். வீட்டிலிருந்த நகையை அடகு வைக்காமல் விற்றார்கள், 1,10,000 ரூபாய். அவருடைய மாமா 40,000 கொடுத்தார். பைத்துல்மாலிலிருந்து நகை கேட்காமல் 60,000 கொடுத்தோம், நிர்வாகக் குழுவில் இதற்கு எதிர்ப்பும் இருந்தது. இரண்டு கார்டுகள் முழுதாக அடைந்து மூடப்பட்டன. மூன்றாவது வங்கி தொகையைக் குறைத்துக் கடிதம் தந்து முடித்தது. நான்காவது வங்கி தவணையாக்கித் தந்திருக்கிறது, மாதம் ஏழாயிரம், இன்னும் இருபது மாதம். பைத்துல்மாலுக்கு மாதம் இரண்டாயிரம். கஷ்டம்தான். தங்கை மாமியார் வீட்டில் பட்ட பேச்சை எந்தத் தவணையும் அடைக்காது.

அந்த நிக்காஹ்வுக்கு இந்த ஹாலில் உள்ள நம்மில் பலரும் போயிருப்போம், அல்லது அது போன்ற ஒன்றுக்குப் போயிருப்போம். கறி போதவில்லை என்று குறையும் சொல்லியிருப்போம்.

இனி டிரஸ்ட்டின் பங்கு. போன வாரம் நிர்வாகக் குழு கூடி மூன்று முடிவுகள் எடுத்தது. பாக்கிதாரர் பெயர்களைப் போர்டில் எழுதுவது இன்றோடு நின்றது. போர்டை நீங்களே பார்த்திருப்பீர்கள், தொழுகை நேரம் மட்டும்தான் இருக்கிறது. மருத்துவம், பள்ளிக் கட்டணம், தொழிற்கருவி ஆகியவற்றுக்கு 25,000 ரூபாய் வரை நகையில்லாமல், ஒரே ஒரு ஜாமீனோடு கடன். திருமணச் செலவுக்கு இது கிடையாது, அதில் எங்களுக்கு மனமாற்றம் இல்லை. மூன்றாவது, வாரம் ஒரு நாள் கடன் ஆலோசனை.

நம் நிதி சிறியது என்பதையும் மறைக்கவில்லை. இருப்பு முழுவதையும் கொடுத்தாலும் இப்படிப்பட்ட குடும்பங்கள் ஏழெட்டுக்குத்தான் வரும். ஜகாத் பெறத் தகுதியானவர்கள் என்று அத்தவ்பா 60-ஆவது ஆயத்தில் சொல்லப்பட்ட எட்டு வகையாரில் கடனாளிகளும் உண்டு. ரமலானில் ஜகாத் பிரிக்கும்போது ஏழைகள், விதவைகள் என்று பார்க்கிற நாம், கடனாளியைப் பார்ப்பதில்லை. அவர் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு நம் பக்கத்து ஸஃப்பில் நிற்கிறார். உண்மையான தேவைக்காகக் கடன்பட்டு, அடைக்க வழியில்லாதவர்களுக்கு மட்டும் ஒரு பகுதியை ஒதுக்கலாம் என்று இமாம் அவர்களும் சொல்லியிருக்கிறார்கள். வட்டியில்லாக் கடன் நிதியில் திருப்பித் தரும் நிபந்தனையோடு பணம் போட்டு வைக்க விரும்புகிறவர்களும் வரலாம், ரசீது உண்டு.

சனிக்கிழமை தோறும் இஷாவுக்குப் பிறகு அலுவலகம் திறந்திருக்கும். செயலாளரும், கணக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவரும் இருப்போம், வேறு யாரும் இருக்க மாட்டார்கள். மதரஸா சந்து வழியாகப் பின்கதவில் வரலாம், முன்வாசல் விளக்கை அணைத்து வைத்திருப்போம். கணவனும் மனைவியும் சேர்ந்து வந்தால் நல்லது. கடைசி மூன்று மாத ஸ்டேட்மென்ட்டும் சம்பளச் சீட்டும் கொண்டு வாருங்கள். போனில் இருந்தால் போதும், பிரிண்ட் எடுத்து அலைய வேண்டாம். ஓடிபி, பின் நம்பர் எதையும் எங்களிடம்கூடச் சொல்லக் கூடாது.

மஃரிபுக்கு இன்னும் பதினைந்து நிமிடம் இருக்கிறது. சீட்டில் வந்த மற்ற கேள்விகளை இமாம் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

வஸ்ஸலாம்.